நாற்பத்து மூன்றாவது மனு

அலுவலக முத்திரை அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. நாள் முடிந்ததும் அதைத் துடைத்து, இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைத் தலைமை எழுத்தரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததற்கு அவரிடம் கையெழுத்தும் வாங்க வேண்டும். மீறினால் விளக்கம் கேட்கப்படும். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும். நான் அறிந்தவரை எந்த விளக்கமும் திருப்தியாக இருந்ததில்லை. வருவாய்த் துறையில் கடைசி நாற்காலியில் சேர்ந்து, தாசில்தாருக்கு அடுத்த நிலையான சிரஸ்தேதாராக ஓய்வு பெற்றவள் நான். இந்த ஒரு விதியை வைத்தே பலரைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறேன். ஆகவே, எனக்குப் பதினோரு வயதானபோது ஒரு சனிக்கிழமை இந்த விதியை என் தாய்மாமா மீறினார் என்பதையும், மீற வைத்தவள் நான்தான் என்பதையும் முதலிலேயே பதிவு செய்துவிடுவது முறை.

கிழக்கு எல்லையிலிருந்து அகதிகள் வந்துகொண்டிருந்த வருடம் அது. வானொலியில் அதுதான் செய்தி. கடிதத்துக்கு வழக்கமான தபால்தலையோடு ஐந்து பைசாவுக்கு அகதி நிவாரணத் தலை ஒன்றும் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். மைசூரில் எங்கள் பள்ளியின் சாரணியர் படைக்குப் பொறுப்பாயிருந்த மிஸ் இளவயதுக்காரர். தபால்தலை ஒட்டுவதோடு கடமை முடிந்தது என்று நினைக்காதவர். பிள்ளைகள் ஒரு ராத்திரி வீடில்லாமல் இருந்து பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஆளுக்கு ஒரு போர்வை, ஒரு பிடி அவல், ஒரு டம்ளர் தண்ணீர். பள்ளி மைதானத்தில் படுக்கை. காலை ஆறு மணி வரை வாசற்கதவு திறக்காது. அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் முன்னிரவில் வந்து எங்களைப் பார்த்து மனம் இளகி, பழைய கம்பளிகளைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கம்பளிகள் கிழக்கே அனுப்பப்படும். நாற்பத்திரண்டு பேர் பெயர் கொடுத்தோம்.

அகதிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்று பெயர் பதிவு செய்கிறார்கள் என்று மிஸ் பத்திரிகையில் படித்திருந்தார். நம்மிடமும் ஒரு கவுண்டர் வேண்டும், யார் வீட்டில் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டார். கேள்வி முடிவதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. கல்யாணமாகாதவர், எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தார். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு மனை ஒதுக்கும் அலுவலகம் ஒன்றில் தபால் எழுத்தர். வருகிற காகிதத்தை வாங்கி, முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டு, ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, காகிதத்தை உள்ளே அனுப்புவது அவர் வேலை. உள்ளே போன காகிதம் என்ன ஆகும் என்பது அவர் வேலையல்ல. அது யாருடைய வேலையும் அல்ல என்பதை நான் பின்னால் தெரிந்துகொண்டேன்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். எனக்குப் பம்பரம் வேண்டுமென்றால் மனு எழுதித் தர வேண்டும். பொருள், விவரம், கையொப்பம், தேதி. தேதி இல்லாவிட்டால் திருப்பித் தந்துவிடுவார். எல்லாம் சரியாக இருந்தால் பம்பரம் வந்துவிடும். முறையாக எழுதிய மனுவை மறுக்கும் சக்தி அந்த மனிதருக்கு இல்லை.

"மாமா, மிஸ் கவுண்டர் போடச் சொன்னாங்க. நெசமான கவுண்டர் மாதிரியே" என்றேன்.

"நெசமான கவுண்டருன்னா புள்ளைங்க அழுதுருமே அம்மிணி."

"அழோணும்னுதான் மிஸ்ஸும் சொன்னாங்க."

அவருக்கு அது பிடித்துப்போயிற்று. அலுவலகத்திலிருந்து ஒரு கட்டுப் படிவம் கொண்டுவந்தார். வெளிறிய பச்சைக் காகிதம், கன்னடத்தில் அச்சடித்தது, இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு மனை கேட்கும் விண்ணப்பம். வாசலில் வந்து கேட்கிறவர்களுக்குத் தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லப்பட்ட படிவம் அது. அலமாரியின் மேல்தட்டில் தூசி பிடித்துக் கிடந்ததாம்.

எனக்கு அது போதவில்லை. வங்கிக்காரர் மகள் ஒருத்தி வகுப்பில் இருந்தாள். அவள் அப்பா பித்தளை மணி ஒன்று கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். நான் முத்திரை வரும் என்று சொல்லி வைத்துவிட்டேன். மாமா முடியாது என்றார். அம்மாவிடம் சொன்னேன், அம்மாவும் முடியாது என்றாள். இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். பிறகு, பொருள்: அலுவலக முத்திரை ஓர் இரவுக்கு இரவல் வேண்டுதல் என்று தொடங்கி ஒரு மனு எழுதி, தேதியிட்டு, அவர் தலையணைமேல் வைத்தேன்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்தபோது அவர் சட்டைப்பை புடைத்திருந்தது.

ஆனால் வினை முத்திரையில் மட்டும் இருந்திருந்தால் அது அன்றோடு முடிந்திருக்கும். மாமா இன்னொன்றும் செய்தார். கோடு போட்ட புது நோட்டு ஒன்றில் சிவப்பு மையால் பத்தி பிரித்துப் பதிவேடு தயார் செய்தார். முதல் எண் என்ன போடுவது? வேறு யாராக இருந்தாலும் ஒன்று என்று போட்டிருப்பார்கள். மாமா 3157 என்று போட்டார். அன்று மதியம் அலுவலகப் பதிவேடு 3156இல் நின்றிருந்தது.

அப்பா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "வெளையாட்டுக்குத்தான மாப்ள. ஒண்ணுன்னு போட்டா என்ன?"

"நடு வருசத்துல ஒண்ணுலருந்து தொடங்கற பதிவேட்ட என்ற கையால எழுத மாட்டன் மச்சான். சீலு நெசம், நம்பர் பொய்யின்னா அது கள்ள ரசீது மாதிரி ஆயிரும்."

"அப்ப திங்கக்கெழமை?"

"இந்த நோட்டக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டு, ஆபீசுல மறுக்கா 3157லருந்து போவன். யாருக்குத் தெரியப் போவுது."

அவருடைய இனம் செய்யக்கூடிய தவறு அது. விதியை மீறும்போதும் வரிசை எண்ணை மீற மனம் வராது. அந்த இனத்தில் பிறகு நானும் சேர்ந்தேன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

மாலையில் மைதானம் நிரம்பிவிட்டது. சாமுண்டி மலை விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன, குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. வந்த பெரியவர்களுக்குச் சைக்கிள் கொட்டகையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அந்தக் கொட்டகையின் ஒரு மூலையில்தான் பள்ளி ஆயா மாதேவம்மா நான்கு வயது மகளோடு குடியிருந்தாள். வகுப்புகளைப் பெருக்குவாள், குடிதண்ணீர் எடுத்து வைப்பாள். நாற்காலிகளுக்கு இடம் வேண்டியிருந்ததால் அவளுடைய பாயும் பானைகளும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மாற்றப்பட்டிருந்தன. ஒரு ராத்திரிக்குத்தானே என்று மிஸ் சொன்னார். அந்த ராத்திரியின் பெயரே வீடில்லாத ராத்திரி என்பது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

பள்ளியில் பேச்செல்லாம் கன்னடம்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். தேவைப்பட்டால் சரியான மொழிபெயர்ப்பு என்று சான்றளிக்கவும் தயார்.

தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டு, மேஜைமேல் அரிக்கேன் விளக்கு வைத்து மாமா உட்கார்ந்தார். தொடங்குமுன் எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கும்படி விதிகளை அறிவித்தார். வரிசையில் நிற்பவர் யாராக இருந்தாலும் மனுவை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கினால் சீட்டுக் கொடுக்க வேண்டும். வரிசையில் கடைசி ஆள் நிற்கும்வரை கவுண்டரை மூடக் கூடாது. அவர் சொன்னவிதத்தில் பெரியவர்கள் கைதட்டினார்கள்.

பிறகு அவர் தன் வேலையைக் காட்டினார். தலைமை ஆசிரியரின் மகள் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டாள். முதலில் தேதி இல்லை, அடுத்து தகப்பனார் பெயர் கட்டத்துக்கு வெளியே போயிருந்தது, அதற்கடுத்து மை வேறு நிறம். மூன்றாவது முறை அவள் அழுதாள். மிஸ் திருப்தியோடு பெரியவர்கள் பக்கம் திரும்பித் தலையசைத்தார். வங்கிக்காரர் மகள் அவ்வப்போது மணியை அடித்தாள், ஆனால் எல்லார் கண்ணும் முத்திரைமேல்தான் இருந்தது. அது விழும் சத்தம் ஒவ்வொரு முறையும் என் நெஞ்சுக்குள் விழுந்தது.

முதல் ஆளாக நின்று என் சீட்டை வாங்கிவிட்டதால், அதை எல்லாரிடமும் காட்டிக்கொண்டு சுற்றினேன். மாதேவம்மா இடுப்பில் மகளும் கையில் வாளியுமாக ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். என்னிடம் வந்ததும் வாளியைக் கீழே வைக்காமலே சீட்டைக் குனிந்து பார்த்தாள்.

"அவ்வா, அங்கே எல்லாரும் வச்சிருக்கற பச்சைக் காகிதம், அது மனைக் காகிதமா?" சின்னப் பெண்களையும் அவள் அம்மா என்ற பொருளில் அவ்வா என்றுதான் கூப்பிடுவாள்.

"வெளையாட்டுக்கு" என்றேன்.

"காகிதமும் வெளையாட்டா?"

யோசித்தேன். "காகிதம் நெசம்தான்."

"சீலு?"

"அதுவும் நெசம்."

"உக்காந்திருக்கறவரு?"

"எங்க மாமா. அந்த ஆபீசுலதான் இருக்காரு."

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

படிக்கட்டில் உட்கார்ந்து அவள் சொன்னது நீளமான கதையல்ல. மேற்கே ஒரு அணை கட்டினார்கள். அணையின் பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் எனக்கே யாராவது விளக்கம் கேட்டு எழுதக்கூடும். அவள் ஊர் தண்ணீருக்குள் போகும் என்று கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். புருஷன் குடகில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். குழந்தையோடு திரும்பி வந்தபோது பட்டியல் முடிந்திருந்தது. ஊரில் எல்லாருக்கும் மனை வந்தது, அவளுக்கு வரவில்லை. பட்டியலில் பெயர் சேர்க்க மனுக் கொடு என்றார்கள். மனுப் படிவம் கேட்டால், அது பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். மைசூருக்கு வந்து, அந்த அலுவலகத்துக்கு எத்தனையோ முறை போயும், வாசலில் பியூனைத் தாண்டி அவள் போனதில்லை. தண்ணீர் வந்த வருடம் அவளும் மகளும் யார் கணக்கிலும் இல்லாமல் அங்கிருந்து கிளம்பினார்கள்.

அவளை எழுப்பி வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனபோது எனக்கு இருந்தது இரக்கம் என்று இன்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அது அல்ல. வரிசையில் நின்ற நாற்பத்திரண்டு பேரில் ஒருத்திகூட நிஜமில்லை. எங்கள் கவுண்டருக்கு நிஜமான ஆள் ஒன்று கிடைத்துவிட்டது என்ற பெருமைதான் இருந்தது. பெருமைக்கும் பிடிவாதம் உண்டு.

படிவத்தை நானே நிரப்பினேன். குடும்பத் தலைவர் பெயர் என்ற இடத்தில் அவள் இடுப்பிலிருந்த மகளைச் சரிசெய்துகொண்டாள்; மாதேவம்மா என்று எழுதினேன். பதில் அனுப்ப வேண்டிய முகவரி என்ற இடத்தில் அவள் தண்ணீர்த் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் வீட்டு முகவரியை எழுதினேன்.

வரிசை கரைந்து கடைசி ஆளாக அவள் நின்றபோது மிஸ் பார்த்துவிட்டார்.

"மாதேவம்மா, இங்கே என்ன பண்றே? தண்ணி யார் ஊத்தறது?"

"மிஸ், அவங்களும் மனுக் குடுக்கறாங்க" என்றேன்.

"இது அகதிகளுக்கான நிகழ்ச்சி, புள்ளே. இவ நம்ம ஆயா."

"அவங்க ஊரு தண்ணிக்குள்ள இருக்கு மிஸ்."

மிஸ் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார். மாதேவம்மா வரிசையிலிருந்து ஒதுங்கத் தொடங்கினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

மாமா தலை நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு யாருக்கும் புரியாதபடி என்னிடம் தமிழில், தாழ்ந்த குரலில் சொன்னார்: "அம்மிணி, அந்தம்மாளக் கூட்டிக்கிட்டு அப்பால போ. நாளைக்குப் பேசிக்கலாம்."

நான் எல்லாருக்கும் புரியும்படி கன்னடத்தில், உரக்கப் பதில் சொன்னேன். "வரிசையில நிக்கறவங்க யாரா இருந்தாலும் மனுவை வாங்கணும்னு நீங்கதான சொன்னீங்க."

"சொன்னன். இது நாடகம் கண்ணு." இதுவும் தமிழில்.

"சீலு நாடகச் சீலா?" இதுவும் கன்னடத்தில்.

கொட்டகையில் யாரோ சிரித்தார்கள். "பொண்ணு கேக்கறது நியாயம்தானே. வாங்கிக்கோங்க குமாஸ்தா சார், குளிருது" என்று ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். எல்லாரும் இதையும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்றே எண்ணினார்கள். இருந்ததிலேயே நன்றாக நடிப்பது மாதேவம்மாதான் என்று ஒரு அம்மாள் பக்கத்தில் சொன்னது என் காதில் விழுந்தது.

மாமா முத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். என்னிடமல்ல, அவளிடம். காகிதத்தை விளக்கருகில் கொண்டுபோய் முதல் வரியிலிருந்து படித்தார். எங்களில் யாருடைய மனுவையும் அவர் அப்படிப் படிக்கவில்லை.

"குடும்பத் தலைவருன்னு ஒங்க பேரே இருக்கு."

"வேற யாரும் இல்லீங்க."

"வீட்டு நம்பர் எழுதல."

"பதினேழு. செவுத்துல தாருல எழுதிட்டுப் போனாங்க. நம்பருக்குப் பக்கத்துல ஒரு வட்டமும் போட்டிருந்தாங்க. என்னான்னு கேட்டேன், யாரும் சொல்லல."

மாமா பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "பூட்டின வீடுன்னு அர்த்தம்மா. ஆளில்லாத வீடு."

"பூட்டலீங்க" என்றாள் மாதேவம்மா. "கொக்கிய மட்டும் மாட்டிட்டுப் போனேன்."

அவர் எழுதினார். ஓரத்தில் அவள் கட்டைவிரல் ரேகையை வாங்கினார். முத்திரையை மையில் ஒற்றி, படிவத்தில் ஒன்று, சீட்டில் ஒன்று குத்தினார். நோட்டில் நாற்பத்து மூன்றாவது வரியில் 3199 என்று எண் போட்டு, அதையே சீட்டிலும் போட்டு, அளவுகோல் வைத்துக் கிழித்து அவள் கையில் கொடுத்தார். கொட்டகையில் பலத்த கைதட்டல். நான் என் வாழ்நாளில் அதற்குப் பிறகு அப்படி ஒரு வெற்றியை அனுபவிக்கவில்லை. பதவி உயர்வு வந்தபோதுகூட இல்லை.

பத்தரை மணிக்குள் அகதிகளில் பாதிப்பேர் அப்பாக்களின் ஸ்கூட்டரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். திறக்காது என்று சொன்ன வாசற்கதவு, ஸ்வெட்டரோடு வந்த ஒவ்வொரு அப்பாவுக்கும் திறந்து மூடியது. என் அப்பாவும் வந்தார். நான் வரமாட்டேன் என்றேன். ஆறு மணி என்றால் ஆறு மணி. பனி போர்வைக்குள் வந்துவிட்டது, அவல் தீர்ந்துவிட்டது, பக்கத்தில் படுத்தவள் வயிற்றில் உதைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

மாமாவும் போகவில்லை. அந்த மேஜைக்கு முன்னாலேயே, அந்த நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூக்கம் வராமல் எழுந்து அவரிடம் போனேன்.

"குளிருதுங்களா மாமா?"

"நம்பர் ஒக்கார மாட்டீங்குது அம்மிணி" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் போர்வையில் பாதியை அவர் மடியில் போட்டுவிட்டு, பெஞ்சில் அவர் பக்கத்திலேயே சுருண்டுகொண்டேன்.

நான் விளையாடி முடித்த விளையாட்டை மாதேவம்மா திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தொடர்ந்தாள். சீட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். முத்திரையும் எண்ணும் உள்ள சீட்டை வைத்திருப்பவரைப் பியூன் தடுக்க முடியாது. அவள் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றாள். உள்ளே மாமா, திறந்த பதிவேட்டோடு.

இதையெல்லாம் பல வருடம் கழித்து அதே அலுவலகத்தின் பதிவறையில் வேலை பார்த்தபோது, காகிதங்களைப் படித்து நான் கோத்துக்கொண்டேன். பள்ளிக்கூட நாடகம் அம்மா, சீட்டைக் கிழித்துப் போடு என்று அவர் சொல்லியிருக்கலாம். நோட்டை அடுப்பில் போட்டுவிட்டு 3157ஐ அன்று வந்த முதல் காகிதத்துக்குக் கொடுத்திருக்கலாம். 3199 எப்படியும் இரண்டொரு நாளில் வேறு யாருக்கோ வந்திருக்கும், அவள் சீட்டு பொய்ச்சீட்டு ஆகியிருக்கும். ஆனால் அவள் கையில் அந்த எண் இருந்தது, அதில் அவர் கையெழுத்தும் இருந்தது. அந்தப் பதிவேட்டை நான் பார்த்தேன். 3157 முதல் 3198 வரை, நாற்பத்திரண்டு வரி. ஒவ்வொன்றிலும் ரத்து என்று எழுதி, பக்கத்தில் அவர் கையெழுத்தின் சுருக்கம். அதற்கு அடுத்த வரியில் மாதேவம்மா, குடும்பத் தலைவர், வீட்டு எண் பதினேழு.

வரிசையாக நாற்பத்திரண்டு எண் ரத்தாகிக் கிடப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிற ஆய்வு அதிகாரி இன்னும் பிறக்கவில்லை. மாமாவிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பொதுவாக இந்த இடத்தில் நாங்கள் எல்லாரும் இரண்டு பக்கம் எழுதுவோம். மாமா இரண்டே வரி எழுதியிருந்தார்: முத்திரையை அலுவலகத்துக்கு வெளியே எடுத்துச் சென்றவன் நான், 3199 மெய்யான மனு.

வீட்டில் அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பதுதான்.

"ஏண்டா, கொழம்பு நல்லா இல்லியா?" என்று அம்மா கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்குதுக்கா."

"பின்ன என்ன, பொண்ணு பாத்தவன் மாதிரி உக்காந்திருக்கற?"

அவர் சிரித்துவிட்டுக் கை கழுவப் போனார். சில வாரம் கழித்து அம்மா என்னிடம், மாமாவை வேறொரு ஆபீசுக்கு அனுப்புகிறார்கள் என்றாள். பெரிய ஆபீசா என்று கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, ஆமாம் என்றாள். அணைக்கட்டுப் பக்கம், காட்டோரத்தில் இருந்த கிளை அலுவலகம் அது. மாமாவிடம் கேட்டதற்கு, "அங்க எழுத்தரும் நாந்தான், தலைமை எழுத்தரும் நாந்தான் அம்மிணி" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. வகுப்பு முழுக்க மாமாவுக்குப் பதவி உயர்வு என்று சொன்னேன். அவர் பெட்டிமேல் சாக்குக்கட்டியால் ஆபீசர் என்று எழுதினேன். அவர் அழிக்கவில்லை. பேருந்து நிலையத்தில் அப்பா மட்டும் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாதம் ஒருமுறை சனிக்கிழமை மைசூருக்கு வருவார். பேருந்தை விட்டு இறங்கினால் நேரே வீட்டுக்கு வரமாட்டார். மதியம் தாண்டி, சட்டையெல்லாம் புழுதியோடு வருவார். எங்கே போயிருந்தீர்கள் என்றால் பழைய ஆபீசுக்கு என்பார். அவருக்கு அந்த இடத்தின்மேல் அவ்வளவு ஆசை என்று நினைத்தேன். தான் உட்கார்ந்திருந்த கவுண்டருக்கு வெளியே, பொதுஜனங்களோடு வரிசையில் நின்று 3199 என்ன ஆயிற்று என்று கேட்டுவந்தார் என்பதைக் கோப்பில்தான் படித்தேன். ஒவ்வொரு முறையும் வாய்மொழியாகக் கேட்காமல் ஒரு நினைவூட்டு மனு கொடுத்து, அதற்கும் சீட்டு வாங்கியிருந்தார். எல்லாவற்றிலும் தேதி இருந்தது.

இரண்டு வருடத்துக்குமேல் ஆயிற்று. நான் எட்டாம் வகுப்பு வந்துவிட்டேன், சாரணியர் படையை விட்டுவிட்டேன், மிஸ் கல்யாணமாகி ஊர் மாறிவிட்டார். ஒரு நாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது தபால்காரர் பழுப்பு உறை ஒன்றைக் கொடுத்தார். மேலே மாதேவம்மா என்று எழுதி, கீழே எங்கள் முகவரி. முகவரியை நான்தான் கொடுத்தேன் என்பது எனக்கு உடனே நினைவு வரவில்லை.

மதிய இடைவேளையில் அவளைத் தேடிப் போனேன். சைக்கிள் கொட்டகையில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். உறையைப் பிரிக்காமல் என்னிடமே திருப்பித் தந்து, படி அவ்வா என்றாள். பார்வை எண் 3199. புதிதாக அமைத்த குடியிருப்பில் இன்ன எண் மனை, இன்னாருக்கு, குடும்பத் தலைவர் என்ற முறையில் ஒதுக்கப்படுகிறது. நான் படித்து முடித்ததும் அவள் சீப்பைக் கீழே வைத்தாள். பிறகு அந்த எண்ணை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

"உங்க மாமா இப்ப இங்கே காணலியே. வாசல்ல விசாரிச்சேன், மாத்திட்டாங்கன்னு சொன்னாங்க" என்றாள்.

"இப்ப உங்க ஊர்ப் பக்கம்தான் இருக்காரு. அணைக்கட்டுகிட்ட."

"எங்க ஊர்ப் பக்கம் ஊரே இல்லியே அவ்வா. காடும் கொசுவும்தான். அங்கே எதுக்குப் போனாரு?"

"போகல, அனுப்பினாங்க."

"எப்போ?"

"அந்த ராத்திரி நடந்துதே, அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல."

அவள் என்னைப் பார்த்தாள். மகளின் பின்னலை முடியாமல் கையில் பிடித்துக்கொண்டே கேட்டாள்: "அவரையும் கெளப்பிட்டாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. படிக்காதவள், அலுவலக விஷயம் தெரியாது என்று நினைத்தேன். கிளப்புவது வேறு, பதவி உயர்வு வேறு என்று பொறுமையாக விளக்கினேன். அங்கே எழுத்தரும் அவரே, தலைமை எழுத்தரும் அவரே என்பதையும் சொன்னேன். மாதேவம்மா குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, "நல்லது அவ்வா, அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி என் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா போனமுறை வந்தபோது என்னிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தம்மாளுக்கு ஏதாவது காகிதம் வந்தால் கதையெல்லாம் எழுத வேண்டாம், வந்த தேதியை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எழுதினேன். மாமாவுக்கு வணக்கம். 3199க்குப் பதில் வந்தது. பிப்ரவரி பத்தொன்பது.